சென்னையில் இண்டி கச்சேரிகளைத் தேடிப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சினிமாவுக்காக இல்லாமல் தாங்களே பாட்டெழுதி, மெட்டமைத்து, பதிவு செய்து வெளியிடுகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்களுடைய இசையைத்தான் இண்டி என்கிறோம். தமிழில் பாடுகிறவர்கள், ஆங்கிலத்தில் பாடுகிறவர்கள், ராப் செய்கிறவர்கள், பாடலே இல்லாமல் வாத்தியம் மட்டும் வாசிக்கிறவர்கள் என்று பல வகை. ஆனால் இவர்களுடைய கச்சேரி எங்கே, எப்போது நடக்கிறது என்று கேட்டால் இசைப் பிரியர்களுக்கே பாதி நேரம் தெரிவதில்லை. தேடிப் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். அந்தத் தேடலுக்கான வழிகளைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய விழாவுக்காகக் காத்திருக்காதீர்கள். நூறு பேர் உட்காரும் அறையில் நடக்கும் கச்சேரிக்குப் போய்ப் பழகுங்கள். விழா மேடைக்கு வருகிற பேண்டுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட அறைகளில் வாசித்துத்தான் வளர்ந்தன. அங்கே கேட்டவர்களுக்கு விழா இரட்டிப்பாக இனிக்கும்.

முதல் படி: போவதற்கு முன் கேளுங்கள்

சினிமாப் பாட்டுக் கச்சேரியில் எல்லாப் பாட்டும் நமக்கு மனப்பாடம். பல்லவி தொடங்குவதற்கு முன்பே கூட்டம் பாடத் தொடங்கிவிடும். இண்டி கச்சேரியில் அந்த வசதி கிடையாது. அதனால் போகப்போகிற பேண்டின் நான்கைந்து பாடல்களையாவது ஒரு வாரம் முன்பிருந்தே ஓடவிடுங்கள். வேலை செய்துகொண்டே கேட்டாலும் போதும். அன்றைக்கு மேடையில் அந்தப் பாட்டு வரும்போது உடம்பே அடையாளம் கண்டுகொள்ளும்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு என் யோசனை இது. தமிழ் ராப்பில் மலேசியாவின் யோகி பி & நட்சத்திரா 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பத்தைக் கேளுங்கள்; தமிழில் ராப் எவ்வளவு சரளமாக ஓடும் என்று இங்கே பலருக்குக் காட்டியது அதுதான். அங்கிருந்து 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து தந்த 'தெருக்குரல்' ஆல்பத்துக்கு வாருங்கள். ராக் பிடிக்கும் என்றால் சென்னையின் ஸ்க்ராட், தி எஃப்16ஸ். இரண்டு பேண்டுமே ஆங்கிலத்தில் பாடுகின்றன, ஆனால் இரண்டும் இந்த ஊரில் வளர்ந்தவை. தமிழ் வரிகள் வேண்டும் என்றால் கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து நடத்திய குரங்கன். பக்கத்து மாநிலத்திலிருந்து அவியல்: கேரளத்தில் 2003இல் தொடங்கி, மலையாள நாட்டுப் பாடல்களை ராக்காக்கிய பேண்ட். மொழி புரியாவிட்டாலும் கேளுங்கள்.

அப்புறம், தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து கானா பாடகர்கள், ராப்பர்கள், ராக் வாத்தியக்காரர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றிய குழு அது. முதல் கச்சேரி 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் நடந்தது. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் மட்டும்தான் கானா பாடப்பட வேண்டும் என்று நினைத்திருந்த ஊரில், சாதிக்கு எதிரான அரசியலைக் கானாவாகவே ஆயிரக்கணக்கானோர் முன்னால் நேராகப் பாடினார்கள். அந்தக் குழுவின் இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சென்னையின் இண்டி இசை என்றால் கிட்டாரும் ஆங்கிலமும்தான் என்ற எண்ணம் யாருக்காவது இன்னும் இருந்தால், இந்த ஒரு குழுவைக் கேட்டாலே அது போய்விடும்.

கேட்பதோடு வாங்கவும் பழகுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணமே கிடையாது. இந்த விதி 2024இல் வந்தது. புதிதாக வருகிறவர்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. பேண்ட்கேம்ப் தளத்தில் பாடலை விலை கொடுத்து வாங்கினால் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். மீதியில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக எல்லாம் பாடியவருக்கே. நீங்கள் தேடுகிற பேண்ட் அங்கே இருந்தால் ஒரு ஆல்பமாவது வாங்குங்கள்.

இரண்டாம் படி: எங்கே, எப்போது

செய்தி வருகிற வழி இப்போது பெரும்பாலும் இன்ஸ்டாகிராம்தான். பிடித்த பேண்டைப் பின்தொடர்ந்தால் மட்டும் போதாது. அவர்கள் வாசித்த இடங்களையும், அந்தக் கச்சேரிகளை நடத்தியவர்களையும் பின்தொடருங்கள். ஒரு போஸ்டரில் மூன்று பேண்டுகளின் பெயர் இருந்தால், தெரியாத இரண்டையும் அன்றைக்கே கேட்டுப் பாருங்கள். இப்படி ஒன்றைப் பிடித்து இன்னொன்று என்று போனால் சில மாதங்களில் ஊரின் மொத்த வட்டமும் உங்கள் கைபேசிக்கு வந்துவிடும். சீட்டு விற்கும் தளங்களான புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட், ஸ்கில்பாக்ஸ் ஆகிய மூன்றிலும் சென்னை என்று போட்டு வாரம் ஒருமுறை பாருங்கள். ஸ்கில்பாக்ஸில் சின்னக் கச்சேரிகளையும் பார்க்கலாம்.

இடங்களைப் பொறுத்தவரை, மதுக்கூட மேடைகள் வரும், போகும். இந்த வருடம் இருப்பது அடுத்த வருடம் இருக்குமா என்று சொல்ல முடியாது. நிலையானவை வேறு. எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் கட்டிய மியூசியம் தியேட்டர் இருக்கிறது. மேடைக்கும் நாற்காலிக்கும் அவ்வளவு நெருக்கம் வேறு அரங்குகளில் அபூர்வம். சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்திலுள்ள சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கு பெரியது, வசதியானது. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் ஃபிரான்சேஸும் கொய்த்தே இன்ஸ்டிடியூட்டும் வெளிநாட்டுக் கலைஞர்களையும் உள்ளூர் பேண்டுகளையும் மேடையேற்றுகின்றன, பல நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலின் முற்றத்தில் பெரிய பேண்டுகள் வரும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் மிகப் பெரிய கூட்டங்களுக்கு.

வருடத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு. ஜனவரியில் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழா, மரங்கள் சூழ்ந்த திறந்தவெளி அரங்கில். ஜூன் 21 உலக இசை நாள். 1982இல் பிரான்ஸில் தொடங்கிய வழக்கம் என்பதால் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் பக்கம் அந்த வாரம் கண் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலுக்குப் பயந்து எல்லாம் உள்ளரங்குக்குப் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஆகவே திறந்தவெளிக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கினால் மழை வந்தால் என்ன ஏற்பாடு என்று முன்பே படித்துவிடுங்கள்.

மார்கழிதான் என்னைப் பொறுத்தவரை உச்சம். மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் கர்நாடக சங்கீதம் ஓடிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நடக்கிறது. பறை, ஒப்பாரி, கானா, ராப், பழங்குடிகளின் இசை எல்லாம் ஒரே விழாவில். அதற்கும் முன்பு 2015இல், பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய மீனவக் குப்பத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியலாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்திய விழா. பின்னாளில் சென்னை கலைத் தெரு விழா ஆனது. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் போனால்தான் இசை எந்த மண்ணிலிருந்து வருகிறது என்பது புரியும்.

மூன்றாம் படி: போஸ்டரைப் படிக்கத் தெரிந்துகொள்வது

'லைவ் மியூசிக்' என்று மட்டும் போட்டு, பேண்டின் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் சினிமாப் பாட்டுகளை மீண்டும் பாடும் மாலை. அதில் தவறில்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. 'ஒரிஜினல்ஸ்', 'ஆல்பம் வெளியீடு', 'டூர்' என்ற சொற்கள் இருந்தால் சொந்தப் பாடல்கள் உறுதி. சந்தேகம் இருந்தால் பேண்டுக்கே செய்தி அனுப்பிக் கேளுங்கள். இந்த அளவில் இயங்குகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே பதில் போடுவார்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். கதவு திறக்கும் நேரம் வேறு, முதல் பேண்ட் ஏறும் நேரம் வேறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. அதனால் மைதானக் கச்சேரி எவ்வளவு தாமதமாகத் தொடங்கினாலும் பத்து மணிக்கு நின்றுவிடும். நீங்கள் தாமதமாகப் போனால் இழப்பு உங்களுக்குத்தான்.

நான்காம் படி: சீட்டை முன்கூட்டியே வாங்குவது

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் 'போகலாம்' என்று குழுவில் பத்துப் பேர் சொல்வார்கள், கச்சேரி நாள் மாலை வரை ஒருவரும் சீட்டு வாங்க மாட்டார்கள். சின்னக் கச்சேரி நடத்துகிறவர் அரங்க வாடகையையும், ஒலி அமைப்பு, டிரம் செட் வாடகையையும், வெளியூர் பேண்ட் என்றால் ரயில் டிக்கெட்டையும் முன்பே கட்டியாக வேண்டும். ஒரு வாரம் முன்பு வரை விற்ற சீட்டுகளை வைத்துத்தான் நிகழ்ச்சியை நடத்துவதா, ரத்து செய்வதா என்று முடிவெடுப்பார்கள். கடைசி நாள் கூட்டம் வரும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு ரத்து செய்ய வேண்டியதுதான். அறிவிப்பு வந்த முதல் வாரத்தில் நீங்கள் வாங்கும் ஒரு சீட்டு, கடைசி நாளில் வாங்கும் மூன்று சீட்டுக்குச் சமம். விலையும் அப்போதுதான் குறைவாக இருக்கும்.

இலவச அனுமதிச் சீட்டு கேட்டு நண்பர்களான வாத்தியக்காரர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். நண்பர் என்றால் முதல் சீட்டை வாங்குகிறவர்.

ஐந்தாம் படி: கிளம்புவதற்கு முன்

நிற்கும் கச்சேரி என்றால் மூடிய செருப்பு அல்லது ஷூ, மெல்லிய பருத்தி உடை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பெரிய பை வேண்டாம். பவர் பேங்க், தண்ணீர்ப் பாட்டில் போன்றவற்றைப் பல இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், முன்பே விதியைப் பாருங்கள்.

காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் வைத்திருக்கும் கணக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது பதினைந்து நிமிடம்தான். ராக் கச்சேரியில் ஸ்பீக்கருக்கு அருகில் 100 டெசிபல் என்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனமும் 2022இல் கச்சேரி இடங்களுக்கான வரம்பாக, பதினைந்து நிமிடச் சராசரியில் 100 டெசிபலைத்தான் வைத்தது. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்டால், காது அடி வாங்கியிருக்கிறது என்று பொருள். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் காதைக் காக்கும், ஆனால் உச்ச ஒலிகளை அதிகம் விழுங்குவதால் பாட்டு மங்கலாகக் கேட்கும். வாத்தியக்காரர்களுக்கென்று வடிகட்டி வைத்து வருகிற அடைப்பான்கள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கின்றன. அடிக்கடி போகிறவர் என்றால் அதை வாங்குங்கள். குழந்தையைக் கூட்டிப் போனால் காது முழுவதையும் மூடும் கவசம் போட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: எங்கே நிற்பது, எப்படிக் கேட்பது

அரங்கின் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி, பொத்தான்கள் நிறைந்த பெரிய மேசை ஒன்று இருக்கும். ஒலிப் பொறியாளர் அங்கே உட்கார்ந்துதான் குரலையும் வாத்தியங்களையும் சமன் செய்கிறார். அவர் காதில் விழுவதுதான் அன்றைய சரியான ஒலி. அந்த மேசைக்குச் சற்று முன்னால் நின்றால் வரிகள் தெளிவாகக் கேட்கும். முதல் வரிசையில் பாடகரின் குரலைவிட டிரம்ஸும் கிட்டார் பெட்டியும்தான் அதிகம் கேட்கும், ஏனென்றால் குரல் வருகிற ஸ்பீக்கர்கள் இரண்டு ஓரங்களில் உங்களைத் தாண்டிப் பின்னாலுள்ளவர்களை நோக்கி இருக்கும். சுவர் ஓரத்திலும் மூலையிலும் பேஸ் சத்தம் திரண்டு மற்றதை மூடிவிடும். நான் முதல் இரண்டு பாட்டுக்கு மேசை அருகே நின்று ஒலியைக் கேட்டுவிட்டு, பிடித்த பாட்டு வரும்போது முன்னால் போவேன். ஆட்டம் வேண்டும் என்றால் முன்வரிசைக்கு ஈடில்லை.

முதலில் ஏறுகிற பேண்டைக் கட்டாயம் கேளுங்கள். சபாக்களில் டிசம்பர் சீசனில் மதியக் கச்சேரிகள் இளையவர்களுக்கு, பெரும்பாலும் இலவசம். பழுத்த ரசிகர்கள் அந்த மதியக் கச்சேரிகளை விடவே மாட்டார்கள், ஏனென்றால் பத்து வருடம் கழித்து மாலைக் கச்சேரியில் உட்காரப் போகிறவரை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். சென்னைக்கு இந்த நல்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இண்டி கச்சேரிக்கும் அதைக் கொண்டுவர வேண்டும். காலியான அரங்கில் இருபது பேருக்கு வாசிக்கிற முதல் பேண்டுக்கு, மேடைக்கு அருகே வந்து நிற்கிற ஐந்து பேர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்கள் முகத்திலேயே தெரியும்.

மெதுவான பாட்டு ஓடும்போது பேச்சு வேண்டாம். ஒரு பாட்டைப் படம் பிடியுங்கள், போதும், கைபேசியை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்காமல். ஃபிளாஷ் போடவே கூடாது. கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு யாராவது தொல்லை கொடுப்பதைக் கண்டால் ஏற்பாட்டாளரைக் கூப்பிடுங்கள். நல்ல ஏற்பாட்டாளர் உடனே வருவார். தனியாகப் போவதற்குத் தயங்காதீர்கள். இந்தக் கூட்டங்களில் தனியாக வருகிறவர்கள் நிறைய, இரண்டு பேண்டுகளுக்கு நடுவே மேடை மாற்றும் இருபது நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் "இதுக்கு முன்னாடி இவங்கள கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் போதும்.

ஏழாம் படி: முடிந்த பிறகு

வாசலில் ஒரு மேசையில் டி-ஷர்ட், ஸ்டிக்கர், சில நேரம் கேசட்கூட விற்பார்கள். அதில் வரும் பணம் பெரும்பாலும் பேண்டுக்கே நேராகப் போகிறது. வாங்குங்கள். பாடியவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். எந்த வரி பிடித்தது என்று சொல்லுங்கள். 'சூப்பர்' என்பதைவிட அது அவருக்கு உதவும்.

மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடுகிறது. மியூசியம் தியேட்டருக்கு எழும்பூர் நிலையம், ஒய்எம்சிஏ மைதானத்துக்கு நந்தனம் நிலையம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய கச்சேரி என்றால் இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். 2023 செப்டம்பரில் அங்கே நடந்த ஒரு பெரிய திரையிசைக் கச்சேரியின் நெரிசலில் சீட்டு வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள்.

எட்டாம் படி: வெளியூர் விழாக்கள்

ஓரிரு வருடம் உள்ளூரில் கேட்ட பிறகு விழாவுக்குப் போங்கள். அப்போதுதான் பட்டியலில் யார் யார் என்று தெரியும். இந்தியாவில் பல மேடை விழா என்ற வடிவத்தை இண்டி ரசிகர்களுக்குப் பழக்கியது 2010இல் புனேயில் தொடங்கிய என்ஹெச்7 வீக்கெண்டர். வெளிநாட்டுப் பெரிய பேண்டுகள் வேண்டும் என்றால் 2023 முதல் மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் லொல்லபலூசா.

சென்னைக்காரர்களுக்கு எளிது பெங்களூருவின் எக்கோஸ் ஆஃப் எர்த். 2016இல் தொடங்கியது, கழிவுப் பொருட்களைக் கொண்டு விலங்கு வடிவில் கட்டும் மேடைகள் அதன் அடையாளம். சென்னையிலிருந்து ரயிலில் போய்விடலாம். ஆனால் விழா நடந்துவரும் இடம் ஊருக்கு வடக்கே, விமான நிலையம் போகிற பக்கம். ஊர் நடுவிலுள்ள மெஜஸ்டிக்கில் அறை போட்டால் இரவு திரும்புவது பாடு. எலகங்கா, ஹெப்பாள் பக்கம் தங்குங்கள்.

மனம் முழுதாகப் பறிகொடுக்க வேண்டும் என்றால் அருணாச்சலப் பிரதேசத்தின் சீரோ. 2012இல் பாபி ஹானோவும் அனூப் குட்டியும் தொடங்கிய விழா, செப்டம்பர் கடைசியில். மேடைகள் மூங்கிலால் ஆனவை, சுற்றிலும் அபதானி மக்களின் நெல்வயல்கள். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருப்பதால் இரவில் குளிரும், மழையும் வரும்: மழைச்சட்டை, கம்பளி, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். அருணாச்சலுக்குள் நுழைய நாமும் இன்னர் லைன் பர்மிட் எடுக்க வேண்டும், இணையத்திலேயே எடுக்கலாம். நாகர்லாகூன் வரை ரயில் உண்டு, அங்கிருந்து சுமோவில் மலைப்பாதை. போகிற நாள், வருகிற நாள் என்று தலா இரண்டு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

எந்த விழாவானாலும் அட்டவணை வந்ததும் ஒரு நாளைக்கு மூன்று பேண்டுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். மீதி நேரம் சின்ன மேடைப் பக்கம் சுற்றுங்கள். மதியம் மூன்று மணிக்கு வாசிக்கிறவர்களில்தான் புதையல் இருக்கும்.

ஒன்பதாம் படி: மொட்டை மாடியில் ஒரு கச்சேரி

கேட்டுக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தவர்கள் அடுத்து நடத்தவும் செய்யலாம், அது நினைப்பதுபோல் கடினமில்லை. முப்பது பேர், ஒரு மொட்டை மாடி, ஒரு கிட்டார், ஒரு குரல். மைக் தேவையில்லை. பாய், ஜமக்காளம் விரித்தால் போதும். அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் பக்கத்து வீடுகளிலும் முன்பே சொல்லி, அவர்களையும் அழையுங்கள். ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள். குடிக்கத் தண்ணீரும் டீயும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடுகிறவரிடம் தொகையை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். வருகிறவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், 'இஷ்டப்பட்டதைக் கொடுங்கள்' என்று விட்டுவிடாதீர்கள். கூட்டம் குறைந்து வசூல் எட்டாவிட்டால் மீதியை நீங்கள் போடுங்கள். அவர் கிட்டாரை உறையில் போடுவதற்கு முன் பேசிய தொகை முழுவதும் அவர் கணக்குக்குப் போயிருக்க வேண்டும்.